மணலில் எழுதிய தோழர்கள்: சட்டாம்பிள்ளை முறையின் வரலாறு

இறையியல் மாணவர் ஒருவர் தாம் எழுதிய கட்டுரையைப் பேராசிரியரிடம் ஒப்படைக்கும் முன் உடன்பயிலும் தோழரிடம் கொடுத்து அவர் கருத்தைக் கேட்பது முறையா, முறைகேடா என்னும் வினா நம் கல்லூரிகளில் அவ்வப்போது எழுவதுண்டு. தேர்வு என்பது தனியொருவரின் தகுதியை அளப்பதற்கென ஏற்பட்டது. ஆகவே பிறர் கை பட்ட எழுத்து களவுக்கு ஒப்பானது என்பது ஒரு சாரார் கருத்து. மேனாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் மாணவருள் சிலரையே எழுத்துத் துணைவராகப் பயிற்றி, ஏனைய மாணவர் அவர்களை நாடும்படி ஊக்குவிக்கிறார்களே, அப்புதுமையை நாமும் மேற்கொள்ளலாகாதா என்பது மற்றொரு சாரார் கருத்து. இவ்விரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். உடன்பயில்வோர் துணையால் எழுதக் கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. இங்கு வழங்கிய அம்முறையைக் கண்டு வியந்து, அதைக் கடல் கடந்து கொண்டுசென்றவர் ஒரு குருவானவர். கொண்டுசென்ற இடத்தில் அது எவ்வாறு உருமாறியது என்பது, அதை மீண்டும் மேற்கொள்ள விரும்புவோர் முதலில் அறியவேண்டிய செய்தியாகும்.

செங்கற்பட்டுச் சீமையின் கடற்கரையில், சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டைக்கு அண்மையில் புதுப்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. 1983 ஆம் ஆண்டில் அருகிலுள்ள கல்பாக்கத்தில் அணுவுலை இயங்கத் தொடங்கிய பின்னர் அவ்வட்டாரம் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதற்கு முன்னே அது மீன்பிடிப்போரும் பயிரிடுவோரும் வாழ்ந்த கடற்கரைப் பகுதி. மணலுக்குக் குறைவில்லாத பகுதி. இத்தகைய ஊர்களின் பிள்ளைகள் எவ்வாறு எழுத்தறிந்தனர் என்பதை அறியச் சென்னை மாகாணக் கவர்னர் தாமஸ் மன்றோ 1822 இல் எடுக்கச் செய்த கணக்கு நமக்குத் துணை செய்கிறது. மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தனவென்று 1826 ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் பதிவு செய்தார். செங்கற்பட்டு மாவட்டத்தில் மட்டும் அவை ஐந்நூறுக்கு மேற்பட்டிருந்தன. அவற்றுள் மிகப் பல ஒரே ஆசிரியரைக் கொண்ட திண்ணைப் பள்ளிகள்.

திண்ணைப் பள்ளியில் வகுப்பறைகள் இல்லை. அரிச்சுவடி தொடங்கும் ஐந்து வயதுப் பிள்ளையும், ஓலையில் எழுத்தாணி பிடித்துக் கணக்கு எழுதும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பர். புதிதாய் வந்த பிள்ளையின் முன் மணல் பரப்பப்படும். எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே அப்பிள்ளை விரலால் வரிவடிவத்தை இழைக்கும். அதன் விரலைப் பிடித்து எழுதுவிப்பவன் பெரும்பாலும் ஆசிரியன் அல்லன். ஓராண்டு முன்னர் அதே மணலில் எழுதிய மற்றொரு பிள்ளையே. அவர்களுள் மூத்தவன் சட்டாம்பிள்ளை எனப்பட்டான். ஆசிரியர் இல்லாதபோது பாடங் கேட்பதும், முறை சொல்லுவிப்பதும் அவன் கடமை. மணலில் எழுதுவதில் ஒரு நன்மை உண்டு. ஓலையில் கீறிய பிழை கீறியதுதான். மணலில் நேர்ந்த பிழை உள்ளங்கையால் தடவினால் மறைந்துவிடும். பிழைக்கு அஞ்சாமல் எழுதத் தொடங்க அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. (யோவான் 8 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் குனிந்து தரையில் விரலால் எழுதினார் என வாசிக்கக்கேட்ட அந்நாளைத் தமிழ்க் கிறிஸ்தவருக்கு, முதலில் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது தத்தம் ஊர்த் திண்ணையே.)

இம்முறையின் உயிர் எங்கேயிருந்தது என்பதை 1623 ஆம் ஆண்டிலேயே ஓர் இத்தாலியப் பயணி கண்டு எழுதியுள்ளார். பியத்ரோ தெல்லா வல்லே என்னும் அவர் கன்னட நாட்டு இக்கேரியில் ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர் அமர்ந்து, பாட்டாகச் சொல்லிக்கொண்டே மணலில் எண் எழுதிப் பழகுவதைக் கண்டார். ஆசிரியர் எவரும் அங்கு இல்லை. நீங்கள் மறந்துவிட்டால் யார் திருத்துவார் என்று அவர் வினவினார். நால்வரும் ஒரே இடத்தில் மறப்பது இயலாது. ஒருவன் தவறினால் மற்றவர் திருத்துவர். அதற்காகவே ஒருங்கு அமர்ந்து பழகுகிறோம் என்னும் கருத்துப்பட அவர்கள் விடையிறுத்தனர். அவ்விடையில் அடங்கியுள்ள அறிவை நாம் எளிதாகக் கடந்துசெல்லலாகாது. அங்கு எவனும் எவனுக்கும் மேற்பட்டவன் அல்லன். திருத்துபவனும் அடுத்த கணம் திருத்தப்படுவான். அறிவு ஒருவனிடத்தில் முழுமையாய்த் தங்கவில்லை. நால்வரிடையே பரவிக் கிடந்தது.

இது சிறுவர் கல்விக்கு மட்டும் உரிய கருத்தும் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் உரைப்பதைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்ட மாணாக்கனும் புலமையில் காற்பங்கையே பெறுகிறான் என்று கணக்கிடுகிறது. அடுத்த காற்பங்கு உடன்பயில்வோரோடு பழகுவதால் வருவது. எஞ்சிய அரைப்பங்கோ, தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. ஆக, கற்பித்தலே கற்றலின் பெரும்பாகம் என்பது சமண முனிவரின் தீர்ப்பு. மேலும், ஒருவன் இயற்றிய நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வழங்கும் தகுதியுடையோரை எண்ணும்போது, அவனுடைய ஆசிரியனை அடுத்து அவனோடு கற்றவனை அந்நூல் வைக்கிறது. நூலாசிரியனின் எழுத்துக்குச் சான்று பகர உடன்கற்றோனுக்கு உரிமை உண்டென்று நம் இலக்கண மரபு ஒப்புக்கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது.

சீர்திருத்தச் சபையின் அருட்பணி இந்நாட்டில் தொடங்கியதும் இம்மணலிலேயே எனலாம். 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும், உள்ளூர் ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, தமிழ்ச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுத்துகளை இழைத்துக் கற்றனர். குருப்பட்டம் பெற்ற ஐரோப்பியர் இருவர்க்கு அந்நாளில் உடன்மாணாக்கராய் இருந்தவர் சிறுபிள்ளைகள்.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அவர்களை விடப் புகழ்பெறவிருந்த ஒருவர் சென்னைக்கு வந்தார். ஸ்காத்லாந்தின் புனித அந்திரேயா நகரில் 1753 இல் பிறந்த ஆந்திரூ பெல், இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். 1787 இல் இந்தியாவுக்கு வந்து படைப்பிரிவுகளின் குருவாக அமர்ந்தார். 1789 இல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதி திறக்கப்பட்டபோது, சம்பளம் பெறாமல் அதன் மேற்பார்வையை ஏற்றார். அங்கிருந்த பிள்ளைகள் பெரும்பாலோர் ஐரோப்பியப் போர்வீரர்க்கு இந்தியத் தாய்மாரிடத்துப் பிறந்தவர்கள். தந்தை இறந்தோ, கைவிட்டோ போனமையால் இரு சமுதாயத்தாராலும் ஏற்கப்படாதவர்கள். அவர்களால் பயனில்லை என்பது அந்நாளைய வெள்ளையர் பலரின் எண்ணமாயிருந்தது. பெல் அதை ஏற்கவில்லை.

விடுதியின் உதவியாசிரியர்கள் அவர் விருப்பத்துக்கு இணங்கவில்லை. அரிச்சுவடி வகுப்பு மாதக்கணக்கில் முன்னேறாமல் கிடந்தது. ஒரு நாள் காலை குதிரைமீது சென்றபோது, வழியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைப் பெல் கண்டார். உடனே விடுதிக்குத் திரும்பி அவ்வாறே செய்யும்படி ஆணையிட்டார். உதவியாசிரியர் அதை இகழ்ந்தனர். இயலாத காரியம் என்றனர். அப்போது பெல் ஒரு முடிவுக்கு வந்தார். சாதாரணப் போர்வீரன் ஒருவனின் மகனான ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்களால் இயலாதென்று விடப்பட்டதை அச்சிறுவன் செய்துமுடித்தான். பின்னர் ஏனைய வகுப்புகளும் படிப்படியாகப் பிள்ளைகளின் கைக்கே வந்தன.

பெல் அமைத்த ஒழுங்கில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய பகுதி ஒன்றுண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் தேர்ந்த பிள்ளைகளைத் துணையாசிரியராகவும், தளர்ந்த பிள்ளைகளை அவர்தம் மாணாக்கராகவும் இரண்டிரண்டு பேராக அவர் இணைத்தார். வகுப்பாசிரியன் முன் பாடம் ஒப்பிக்கும் முன் துணைவன் அருகமர்ந்து அதைத் தயாரிக்க உதவுவான். துணைவனும் அதே வகுப்பைச் சேர்ந்தவன். அவனும் பாடம் ஒப்பிக்கவேண்டியவன். குற்றங்களைக் கருப்புப் புத்தகம் ஒன்றில் பதிந்து, வாரந்தோறும் பிள்ளைகளே நடுவராக அமர்ந்து தீர்ப்பளித்தனர். இவ்விடுதியில் வளர்ந்த வில்லியம் ஸ்மித் என்னும் இளைஞன் 1794 இல் தூதுக்குழுவோடு மைசூர் சென்று, இயற்பியல் கருவிகளைத் திப்பு சுல்தானுக்கு இயக்கிக் காட்டினான் என்பது சுவையான செய்தி. கைவிடப்பட்ட பிள்ளை அரசனுக்கே விளக்கஞ் சொல்லத் துணிந்தான் என்றால், தோழனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாவே அதற்குக் காரணம் என்று கருதத் தோன்றுகிறது.

1796 இல் பெல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டில் எழும்பூர்ச் சோதனையைச் சிறுநூலாக வெளியிட்டார். அப்போது இங்கிலாந்தில் ஆலைத் தொழில் பெருகி, நகரங்களில் ஏழைப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாய் எழுத்தறிவின்றித் திரிந்த காலம். 1798 இல் இலண்டனின் சதர்க் பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் குவேக்கர் இளைஞர் பள்ளி தொடங்கி, ஒரே ஆசிரியரையும் பல சட்டாம்பிள்ளைகளையும் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியும் என்று காட்டினார். திருச்சபையார் பெல்லைத் தங்கள் தலைவராக்கி 1811 இல் தேசியச் சங்கத்தை நிறுவினர்; சபைக்குப் புறம்பானோர் லங்காஸ்டர் பக்கம் நின்றனர். முறையைக் கண்டவர் யார் என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. எழும்பூருக்கு அப்பால் திண்ணையில் அமர்ந்திருந்த பெயர் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளை அவ்வழக்கில் எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

ஆயினும் இங்கிலாந்துக்குச் சென்றது முறையின் உடலே. உயிர் வழியில் தவறிப்போயிற்று. செலவு குறைவு என்பதே அங்கு அதன் பெருஞ்சிறப்பாகப் பேசப்பட்டது. சட்டாம்பிள்ளை தோழனாக இல்லை; ஆலையின் மேஸ்திரியாக மாறினான். நீண்ட பலகைகளில் வரிசையாக நின்ற பிள்ளைகள் கட்டளைக்கு இணங்க ஒரே சமயத்தில் எழுதினர். லங்காஸ்டர் பள்ளிகளில் மரக்கட்டைகளைக் கழுத்தில் மாட்டுவதும், கூடையில் இட்டுக் கூரையில் தொங்கவிடுவதும் தண்டனைகளாயின. துணைவன் தான் கற்ற சிறிதளவை மாறாமல் ஒப்புவித்தான். கேட்டவன் அதை மாறாமல் திரும்பச் சொன்னான். 1846 இல் அரசு பயிற்சி மாணவ ஆசிரியர் திட்டத்தைக் கொண்டுவந்தபின் சட்டாம்பிள்ளை முறை படிப்படியாக மறைந்தது. பெல் அதற்கு முன்பே, 1832 இல் காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் அவர் பிறந்த நகரில் எழுந்த கல்விச்சாலை இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்கப்படுகிறது.

விந்தை என்னவென்றால், இங்கிருந்து சென்ற முறை ஆங்கில உடை தரித்து மீண்டும் இந்நாட்டுக்கே வந்தது. 1814 இல் வங்காளத்துச் சின்சுராவில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த இராபர்ட் மே பெல்லின் முறைப்படி பள்ளிகளைத் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைக்குத் திண்ணையில் பழக்கமாயிருந்ததை, மிஷனெரிகள் ஐரோப்பியரின் கண்டுபிடிப்பாக எடுத்துவந்தனர். பெல்லாரிக் கலெக்டர் காம்பெல் மட்டும் 1823 ஆம் ஆண்டு அறிக்கையில் உண்மையை ஒப்புக்கொண்டார். முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குக் கற்பிப்பதும், அதனால் தம் அறிவையே உறுதிப்படுத்திக்கொள்வதும் வியக்கத்தக்கவை என்றும், இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றும் அவர் எழுதினார். அதே அறிக்கையில், பொருளுணராமல் செய்யுளை ஒப்புவிக்கும் வழக்கத்தை அவர் கடிந்துகொண்டார். அதுவும் உண்மையே.

பழம்பெருமை பேசுவோர் மறைத்துவிடும் வேறொரு குறையும் திண்ணைக்கு இருந்தது. சேரியின் பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. நால்வரும் ஒரே இடத்தில் மறக்கமாட்டார்கள் என்பது மெய்தான். ஆனால் அந்த நால்வரில் ஒருவனாய் அமர எவன் அனுமதிக்கப்பட்டான்? செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்கீர் 1891 இல் இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்டோரின் நிலத்தையும் வாழ்வையும் குறித்து எழுதிய அறிக்கை அரசை அசைத்தது. ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆந்திரூ, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஆகியோர் இம்மக்கள் பொருட்டு வாதாடினர். சேரிகளில் மிஷன்கள் நடத்திய சிறு பள்ளிகளைத் தாழ்வாக மதிப்பிடுவோர் உண்டு. ஆயினும், மணலைச் சுற்றி அமரும் வட்டத்தை விரிவாக்கியவை அவையே. இன்று நம் கல்லூரிகளுக்கு வரும் மாணவர் பலர் அவ்வட்டத்தில் அமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

உயர்கல்வியில் எழுத்துத் துணை எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கும் தமிழில் சான்றுண்டு. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளை வாயால் சொல்லச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதினர். 1871 முதல் அவரிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர் அவ்வாறு எழுதியவர்களுள் ஒருவர். சைவ மடத்தின் நிழலில் நடந்த அக்கல்வியில் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவரும் அவருக்கு உடன்மாணாக்கராயிருந்தார். மூத்தோர் இளையோர்க்குப் பாடஞ்சொல்லுவதும், சேர்ந்து ஏடு படிப்பதும் அங்கு இயல்பான வழக்கம். பிற்காலத்தில் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் காணும் பெரும்பணிக்கு ஐயரை ஆயத்தப்படுத்தியதில் இக்கூட்டுப் பழக்கத்துக்கும் பங்குண்டு என்பதே என் கருத்து.

இனி மேனாட்டுக் கல்லூரிகளின் தற்கால வழக்கத்துக்கு வருவோம். அது எழும்பூரிலிருந்து நேரே கிளைத்ததன்று. 1970 இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் வாயில்களை அகலத் திறந்தபோது, முன்னர் கல்லூரியை எண்ணியும் பாராத ஏழை மாணவர் பெருந்திரளாக வந்தனர். அவர்களால் கட்டுரை எழுத முடியவில்லை. பேராசிரியர் அளித்த உதவியையும் அவர்கள் நாடவில்லை; அது வகுப்பறையின் நீட்சியாகவே அவர்களுக்குத் தோன்றிற்று. புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூபி என்பவர் மாணவரையே எழுத்துத் துணைவராகப் பயிற்றினார்; அவர்களிடம் ஏனையோர் வந்தனர். குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதன்றோ இது என்னும் கேள்வியை 1984 இல் வெளியிட்ட கட்டுரையில் அவரே எழுப்பினார். மத்தேயு 15 ஆம் அதிகாரத்தை நன்கறிந்த நமக்கும் அதுவே முதலில் தோன்றும். அவர் விடையோ இதுவாகும்: கட்டுரையின் பொருளை அறிந்தவர் எழுதியவர்; வாசகருக்கு எங்கே விளங்கவில்லை என்பதை அறிந்தவர் துணைவர்; இருவரும் அமர்ந்து உரையாடும்போது, தனித்தனியே எவரிடமும் இல்லாதது பிறக்கிறது. இலண்டனில் மருத்துவ மாணவரிடையே ஆபர்குரோம்பி என்னும் அம்மையார் கண்டு 1960 இல் எழுதிய நூலை அவர் சான்று காட்டினார். நோயாளியைக் குழுவாக ஆராய்ந்து ஒருமித்த முடிவுக்கு வரப் பழகிய மாணவர், தனித்துப் பழகியோரை விட விரைவில் நல்ல தீர்ப்புத்திறன் பெற்றனர் என்பது அதன் செய்தி. இக்கேரிச் சிறுவரின் விடையும் இதுவே அன்றோ?

புதுப்பட்டினம் போன்ற ஊரிலிருந்து, புத்தகமில்லாத இல்லத்திலிருந்து வரும் இறையியல் மாணவரை எண்ணிப் பாருங்கள். அவர் சபையில் ஒரு மணி நேரம் தடையின்றிப் பிரசங்கிப்பார். அதே பொருளை நான்கு பக்கத்தில் எழுதும்படி சொன்னால் திகைத்து நிற்பார். குறை சிந்தனையில் இல்லை. பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு ஏறும் படியில் உள்ளது. பேராசிரியரின் சிவப்பு மை அப்படியை உயர்த்திவிடுகிறது. தோழன் அருகிருந்து, "இதை வாயால் சொன்னபோது விளங்கிற்று, எழுதியபோது விளங்கவில்லை" என்று சொன்னால், அவர் ஏறிவிடுவார். அலெக்சந்திரியாவின் அப்பொல்லோ சொல்வன்மை மிக்கவர்; வேதாகமங்களில் வல்லவர். அவரைத் தனியே அழைத்துத் திருத்தமாக விளக்கியவர்கள் கூடாரம் தைக்கும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் என அப்போஸ்தலர் 18 ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர்கள் அவருக்காகப் பிரசங்கிக்கவில்லை. பிரசங்கம் அவருடையதாகவே இருந்தது.

களவுக்கும் துணைக்கும் உள்ள எல்லையை இங்கேயே காணலாம். துணைவன் எழுதுகோலைத் தன் கையில் வாங்கும்போது அது களவு. எழுதுகோல் எழுதியவன் கையிலேயே இருக்க, துணைவன் கேள்வி மட்டும் கேட்கும்போது அது கல்வி. ஆசிரியர் பற்றாக்குறையைச் சரிக்கட்டச் சிறந்த மாணவரைக் கூலியின்றி வேலைவாங்கும் வழியாகவோ, விடுதி ஒழுக்கத்தை ஒற்றறியும் வழியாகவோ இதை எந்தக் கல்லூரியாவது மேற்கொள்ளுமானால், லங்காஸ்டரின் கூடை மீண்டும் கூரையில் ஏறும். துணைவராய் இருப்பவரும் தம் கட்டுரையை இன்னொருவரிடம் காட்டவேண்டும். ஓராண்டு உதவி பெற்றவர் மறு ஆண்டு உதவவேண்டும். யார் கட்டுரையை யார் படித்தார் என்பதை மறைக்கவும் தேவையில்லை. நன்னூலார் உடன்கற்றோனுக்குச் சிறப்புப்பாயிரத்தில் இடமளித்ததுபோல, கட்டுரையின் முதற் பக்கத்தில் எழுதியவர் பெயருக்குக் கீழே, படித்துப் பார்த்த தோழரின் பெயரும் எழுதப்படலாம்.